இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும் ‘டிரா’

‘டிரா’ என்ற ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கேள்விகள் வெவ்வேறு திசையிலிருந்து வந்தாலும் பதில்கள் ஒரே இடத்துக்குத்தான் திரும்புகின்றன.

மேசையில் இருப்பதும் டிராயர், பையன் போட்டுக்கொள்வதும் டிராயர், செக்கில் கையெழுத்துப் போடுகிறவரும் டிராயர் என்கிறார்கள். மூன்றும் ஒரே சொல்லா?
– வாசகி, திருவாரூர்

ஒரே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் ‘டிராகன்’ என்றொரு வினை இருந்தது. ‘இழு’ என்பது அதன் பொருள். வாயில் தீ கக்கும் டிராகனுக்கும் இதற்கும் உறவில்லை, அது கிரேக்கம் வழி வந்தது. இந்தப் பழைய வினைதான் தேய்ந்து இன்றைய ‘டிரா’ ஆனது. ஜெர்மன் மொழியில் ‘சும, தூக்கிச்செல்’ என்ற பொருளில் வழங்கும் ‘டிராகென்’ இதற்கு உடன்பிறப்பு.

வெளியே இழுக்கிற பெட்டி என்பதால் மேசை டிராயர். காலில் மாட்டி மேலே இழுத்துக்கொள்வதால் உடுப்புக்கும் அதே பெயர். ஆங்கிலத்தில் இந்த இரண்டு வழக்குமே 16-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கின்றன. உடுப்பைக் குறிக்கும்போது எப்போதும் பன்மையாக ‘டிராயர்ஸ்’ என்பார்கள், தமிழுக்கு வந்தபோது அந்த ‘ஸ்’ உதிர்ந்துவிட்டது. கணக்கிலிருந்து பணத்தை இழுக்க உத்தரவு எழுதுபவர் என்பதால் செக்கில் கையெழுத்திடுபவரும் டிராயர்.

உச்சரிப்பில் ஒரு வேறுபாடு உண்டு. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் மேசைப் பெட்டியை ‘டிரார்’ என்று ஒரே அசையாகச் சொல்வார்கள். செக் எழுதுபவர், படம் வரைபவர் என்றால் ‘டிரா-அர்’ என்று இரண்டு அசை. நாம் எல்லாவற்றையும் ‘டிராயர்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நேர்முகத் தேர்வுக்கோ உச்சரிப்புத் தேர்வுக்கோ போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இழுப்பது எப்படிப் படம் வரைவதாக மாறியது?
– வாசகர், விருதுநகர்

இதற்குத் தமிழர்களுக்கு நீண்ட விளக்கமே தேவையில்லை. கோலம் போடும்போது ‘அந்தப் புள்ளியிலிருந்து இந்தப் புள்ளிக்கு ஒரு கோடு இழு’ என்கிறோம் அல்லவா? ஆங்கிலத்திலும் அதுதான் நடந்தது. எழுதுகோலைப் பரப்பின் மேல் இழுத்தால் கோடு. கோடுகள் சேர்ந்தால் உருவம். ஏறத்தாழ 1200-லிருந்தே ‘டிரா’ இந்தப் பொருளிலும் வழங்குகிறது. அதனால்தான் இன்றும் கோடுகளால் அமைந்த படத்துக்கு மட்டுமே ‘டிரா’. தூரிகையால் வண்ணம் தீட்டினால் அது ‘பெயின்ட்’. வாட்டர்கலர் படத்தைக் காட்டி ‘ஐ ட்ரூ திஸ்’ என்று மாணவர்கள் சொல்வது பிழை.

லத்தீனிலும் இதே கதை உண்டு. அங்கே இழுப்பதற்கு ‘டிராஹெரே’ என்று பெயர். டிராக்டர் (இழுக்கும் வண்டி), அட்ராக்ட் (தன் பக்கம் இழு), எக்ஸ்ட்ராக்ட் (வெளியே இழு), சப்ட்ராக்ட் (கீழிருந்து இழுத்து எடு) எல்லாம் அதன் பிள்ளைகள். ‘போர்ட்ரெய்ட்’ என்ற உருவப்படமும் அதே வேரில் பிரெஞ்சு வழியாக வந்ததுதான். ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானியை ஆங்கிலத்தில் ‘புரொட்ராக்டர்’ என்பதும் இந்தக் குடும்பத்தால்தான். இழுப்பிலிருந்து கோட்டுக்குப் போகும் பாதை ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதல்ல.

வங்கியில் டிராயர், டிராயீ, பேயீ என்று மூன்று பேரைச் சொல்கிறார்கள். செக் திரும்பி வந்தபோது ‘ரெஃபர் டு டிராயர்’ என்று சீட்டில் இருந்தது. யாரைப் போய்ப் பார்ப்பது?
– வாசகர், ஈரோடு

செக்கை எழுதிக் கையெழுத்திட்டவர் டிராயர். பணம் கொடுக்கும்படி எந்த வங்கிக்கு உத்தரவு எழுதப்பட்டதோ அந்த வங்கி டிராயீ. பணம் பெற வேண்டியவர் பேயீ. ‘ஈ’ என்று முடியும் சொல், வினைக்கு ஆட்படுபவரைக் காட்டும். எம்ப்ளாயர் வேலை தருபவர், எம்ப்ளாயீ வேலைக்கு அமர்த்தப்பட்டவர் என்பது போல. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 7-ஆம் பிரிவில் இவர்களை இந்தப் பெயர்களிலேயே வரையறுக்கிறது.

‘ரெஃபர் டு டிராயர்’ என்றால் ‘எழுதியவரையே கேட்டுக்கொள்ளுங்கள்’ என்று பொருள். காரணத்தை வங்கி வெளிப்படையாகச் சொல்லாமல் விடும் வாசகம் இது. பெரும்பாலும் கணக்கில் போதிய பணம் இல்லாதபோது வரும். ‘டிராயர்ஸ் சிக்னேச்சர் டிஃபர்ஸ்’ என்று இருந்தால் கையெழுத்து ஒத்துப்போகவில்லை. பேயீயான நீங்கள் போட்ட கையெழுத்தைப் பற்றியதல்ல அது. பலர் இங்கே குழம்பி, தம் சொந்த வங்கியில் போய்ச் சண்டை போடுகிறார்கள். இன்னொன்று: செக் மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். பணமின்றித் திரும்பிய செக்குக்கு அதே சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி நடவடிக்கை எடுக்க நினைத்தால், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் டிராயருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து பணத்தைக் கொடுக்க அவருக்கு 15 நாள் அவகாசம். தேதிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வழக்குகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் இடறுகின்றன.

‘டிராஃப்ட்’ என்பதை எஃப் போட்டும் எழுதுகிறார்கள், யு-ஜி-எச் போட்டும் எழுதுகிறார்கள். எது சரி?
– வாசகி, நாகர்கோவில்

இரண்டும் ஒரே பெயர்ச்சொல், ‘டிரா’விலிருந்து வந்தது. எஃப் போட்டது காதில் விழுகிறபடி எழுதப்பட்ட வடிவம். அமெரிக்கர்கள் எல்லாப் பொருளுக்கும் அதையே எழுதுகிறார்கள். பிரிட்டிஷ் வழக்கில் வேலை பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கடிதத்தின் முன்வரைவு, சட்ட வரைவு, வங்கி டிராஃப்ட் ஆகியவற்றுக்கு எஃப். கதவிடுக்கில் நுழையும் குளிர்காற்று, பீப்பாயிலிருந்து பிடிக்கும் பீர், வண்டியோ ஏரோ இழுக்கும் மாடு, நீருக்குள் கப்பல் அமிழும் ஆழம் ஆகியவற்றுக்கு யு-ஜி-எச். எழுத்து மாறினாலும் உச்சரிப்பு ஒன்றுதான். யு-ஜி-எச் வடிவத்தை ‘டிரவுட்’ என்று படிப்பது தவறு. அது வறட்சியைக் குறிக்கும் வேறு சொல்.

டிமாண்ட் டிராஃப்டைத் தமிழில் ‘வரைவோலை’ என்கிறோம். வரைதல் என்ற முகத்தை எடுத்துக்கொண்ட மொழிபெயர்ப்பு அது. பணத்தை இழுத்தல் என்ற முகம் அதில் மறைந்துவிட்டது. அரசு அலுவலகங்களில் ‘டிராயிங் அண்ட் டிஸ்பர்சிங் ஆபீசர்’ என்பதைப் ‘பணம் பெற்று வழங்கும் அலுவலர்’ என்று தமிழாக்கியவர்கள் சரியான முகத்தைப் பிடித்திருக்கிறார்கள். அவருக்கும் ஓவியத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, கருவூலத்திலிருந்து பணத்தை எடுப்பவர் அவர்.

கிரிக்கெட்டில் டிராவும் டையும் ஒன்றா? ஸ்டம்ப்பை இழுத்துப் பிடுங்குவதால்தான் டிரா என்று பெயர் வந்ததா?
– வாசகர், சென்னை

இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். டை என்றால் இரு அணிகளின் மொத்த ரன்னும் சமமாகி, கடைசியாக ஆடிய அணியின் இன்னிங்ஸும் முடிந்திருக்க வேண்டும். டெஸ்ட் கிரிக்கெட்டில் இது இரண்டே முறை நடந்திருக்கிறது: 1960-ல் பிரிஸ்பேனில், 1986 செப்டம்பரில் நம் சேப்பாக்கத்தில். சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 574, 5 விக்கெட்டுக்கு 170 என்று டிக்ளேர் செய்தது. இந்தியா 397, 347. கூட்டினால் இரண்டு பக்கமும் 744. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆனார்.

டிரா என்றால் முடிவு எட்டாமல் நேரம் தீர்ந்த ஆட்டம். இதற்கு 1939-ல் டர்பனில் நடந்த ஆட்டத்தை விடத் தெளிவான உதாரணம் கிடையாது. காலவரையே இல்லாத டெஸ்ட் அது. 696 ரன் இலக்கு, இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 654 எடுத்திருந்தது. மழை வந்தது, ஊர் திரும்பும் கப்பலைப் பிடிக்கவும் வேண்டியிருந்தது. இன்னும் 42 ரன் பாக்கி இருக்கும்போது டிரா. கால்பந்தில், ஹாக்கியில் கோல் சமமானாலே டிரா என்பார்கள். அந்த வழக்கைக் கிரிக்கெட்டுக்குக் கொண்டுவந்தால் குழப்பம்தான்.

ஆட்டத்தை முடிவின்றி விடுவது என்ற பொருள் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருக்கிறது. கிரிக்கெட்டின் எழுதப்பட்ட விதிகள் 1744-ல்தான் வந்தன. ஆகவே ஸ்டம்ப்புக்கும் இந்தப் பெயருக்கும் முடிச்சுப் போட வேண்டாம். அன்றைய ஆட்டத்தை நிறுத்தி ஸ்டம்ப்பை எடுப்பதை ‘ஸ்டம்ப்ஸ் டிரான்’ என்பது தனி வழக்கு. குலுக்கலில் சீட்டை உருவி எடுப்பதால் லாட்டரி டிரா. அது மூன்றாவது.

டிராயிங் ரூமில் யாரும் படம் வரைவதில்லையே?
– வாசகி, கோவை

முழுப்பெயர் ‘வித்டிராயிங் ரூம்’, அதாவது விலகிப்போய் உட்காரும் அறை. பெரிய கூடத்துக்கு அடுத்திருந்த தனியறை அது. 17-ஆம் நூற்றாண்டில் முன்பாதி உதிர்ந்தது. வித்டிராவில் வரும் ‘வித்’ இன்றைய ‘உடன்’ அல்ல. ‘எதிராக, அப்பால்’ என்ற பழைய பொருள் அதில் ஒட்டியிருக்கிறது. வித்ஹோல்ட், வித்ஸ்டாண்ட் ஆகியவற்றிலும் அப்படியே.

டிரா, புல், டிராக் மூன்றுக்கும் ‘இழு’ என்றே அகராதியில் இருக்கிறது. எங்கே எதைப் போடுவது?
– வாசகர், தஞ்சாவூர்

பொதுவான இழுப்புக்கு ‘புல்’. தரையோடு உராய்ந்து, தடையோடு வந்தால் ‘டிராக்’. கணினியில் சுட்டியால் கோப்பை நகர்த்துவதற்கும் அதுதான். சீராக, வழுக்கிக்கொண்டு வந்தால் ‘டிரா’: உறையிலிருந்து வாள், கிணற்றிலிருந்து நீர், நரம்பிலிருந்து ரத்தம், எஃகுத் தகட்டின் துளை வழியே கம்பி. டீத்தூளின் சாறு வெந்நீரில் இறங்குவதும் ‘டிரா’தான். தமிழில் உருவு, சேந்து, எடு, இறங்கு என்று தனித்தனி வினை இருக்கும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் இந்த ஒன்றே வேலை செய்கிறது. அதனால் மொழிபெயர்க்கும்போது முதலில் எது, எதிலிருந்து வெளியே வருகிறது என்று பாருங்கள். பிறகு அந்தப் பொருளுக்குத் தமிழில் வழங்கும் வினையைத் தேடுங்கள். ‘டிரா எ கன்க்ளூஷன்’ என்பதற்கு ‘முடிவை வரைந்தார்’ என்று ஒரு பாடநூல் மொழிபெயர்ப்பில் இருந்தால் அதை அடித்துவிட்டு ‘முடிவுக்கு வந்தார்’ என்று எழுதலாம்.

இறந்தகாலம் ‘ட்ரூ’, முடிவெச்சம் (பாஸ்ட் பார்ட்டிசிபிள்) ‘டிரான்’. ‘டிராட்’ என்று ஒரு வடிவம் இல்லை. ‘ஐ டிரான்’ என்று துணைவினை இல்லாமல் எழுதுவதும் பிழை. வேலை விண்ணப்பங்களில் எழுதும் ‘லாஸ்ட் டிரான் சாலரி’ நம் நாட்டு அலுவலக வழக்கு. வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதும்போது ‘கரன்ட் சாலரி’ அல்லது ‘ஃபைனல் சாலரி’ என்று போடுங்கள்.

‘டிரா த கர்ட்டன்ஸ்’ என்றால் திரையைத் திறக்கவா, மூடவா?
– வாசகி, சேலம்

இரண்டுமே ஆகும். இழுப்பது எந்தப் பக்கம் என்று அந்தச் சொல்லில் இல்லை. மாலை நேரத்து வாக்கியத்தில் வந்தால் மூடுவது. காலையில் வெளிச்சம் உள்ளே வந்தது என்று தொடர்ந்தால் திறப்பது. ‘பேக்’ சேர்ந்து வந்தால் திறப்பது உறுதி. நீங்களே எழுதுவதானால் ‘ஓபன்’ அல்லது ‘க்ளோஸ்’ போட்டுவிடுவது நல்லது.