ஜிஆர்இ (வெளிநாட்டு மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) இரண்டு முறை எழுதினேன். எந்த மதிப்பெண்ணை அனுப்புவது?

இரண்டு முறை எழுதியதைப் பல்கலைக்கழகம் கண்டுபிடித்துவிடுமோ என்பதுதான் பலருக்கும் உள்ளூர இருக்கும் பயம். கண்டுபிடிக்காது. நீங்கள் அனுப்பும் தேர்வு நாளின் மதிப்பெண் மட்டுமே அங்கே போகும். மற்ற முயற்சிகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. ஐந்தாண்டுக்குள் எழுதியவற்றில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு முறை எழுதிய கணிதத்தையும் இன்னொரு முறை எழுதிய மொழிப் பகுதியையும் ஒட்டுப்போட முடியாது. ஒரு தேர்வு என்றால் முழுதாகத்தான் போகும். முதல் முறை கணிதம் 168, மொழி 149. அடுத்த முறை 163, 157 என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை இரண்டாவதில்தான் அதிகம். ஆனாலும் கணினி அறிவியலுக்கு விண்ணப்பித்தால் நான் முதலாவதைத்தான் அனுப்புவேன். வரலாற்றுத் துறைக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், இரண்டாவது. பகுதிவாரியாக உயர்ந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வதாகத் துறையே அறிவித்திருந்தால் மட்டும் இரண்டையும் அனுப்புங்கள்.

தேர்வு நாளில் நான்கு இடங்களுக்கு இலவசமாக அனுப்பலாம். ஆனால் அன்று பழைய மதிப்பெண்ணை மட்டும் தனியாகப் பொறுக்கி அனுப்ப வழியில்லை. அதற்குப் பிறகு பணம் கட்ட வேண்டும். பணம் கட்டும் முன், நீங்கள் விண்ணப்பிக்கும் துறை ஜிஆர்இ கேட்கிறதா என்று பாருங்கள். இப்போது பல துறைகள் கேட்பதே இல்லை.