வாசகர் கேள்வி – பதில்: அந்தமானில் நான்கு இரவுகள்

கேள்வி: பிப்ரவரியில் நானும் மனைவியும் அந்தமான் போகிறோம். முதல் நாள் போர்ட் பிளேர், இரண்டாம் நாள் பாராடாங், மூன்றாம் நாள் ஹேவ்லாக், நான்காம் நாள் நீல் தீவு, ஐந்தாம் நாள் காலை நீலிலிருந்து கப்பலில் வந்து மதியம் சென்னைக்கு விமானம் என்று ஏஜென்ட் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். சரியாக இருக்குமா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஐந்தாம் நாளை முதலில் மாற்றுங்கள். கடல் கொந்தளித்தாலோ இன்ஜினில் கோளாறு வந்தாலோ காலைக் கப்பல் ஓடாது. ரத்தான கப்பலுக்கு டிக்கெட் பணம் திரும்ப வரும், தவறவிட்ட விமானத்துக்கு வராது. கடைசி இரவு போர்ட் பிளேரில்தான் தங்க வேண்டும். (2024 முதல் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். 2018 முதல் ஹேவ்லாக் சுவராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம்.)

பாராடாங் தீவை எடுத்துவிடுங்கள். போர்ட் பிளேரிலிருந்து ஒரு வழிக்கே சுமார் 100 கி.மீ. ஜராவா பழங்குடியினர் காப்புப் பகுதிக்குள் வண்டிகள் குறித்த நேரத்தில் காவலோடு வரிசையாகத்தான் போகும். முதல் வரிசையைப் பிடிக்க நள்ளிரவு தாண்டியதுமே எழ வேண்டும், திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். ஐந்து நாளில் ஒரு நாள் அதிலேயே போய்விடும். அந்த மக்கள் வாழும் காட்டின் நடுவே நாம் அவசியமில்லாமல் போகாமல் இருப்பதே நல்லது என்பதும் எங்கள் எண்ணம்.

இனி வரிசை. சென்னையிலிருந்து அதிகாலை விமானம் பிடியுங்கள், இரண்டேகால் மணி நேரம்தான். அன்றே பிற்பகல் தனியார் கப்பலில் ஹேவ்லாக், சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். விமானம் இறங்குவதற்கும் கப்பல் கிளம்புவதற்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இருக்கட்டும். உங்கள் விமானம் மதியத்துக்கு மேல்தான் இறங்குகிறது என்றால் முதல் இரவைப் போர்ட் பிளேரிலேயே கழித்து, நீல் தீவை விட்டுவிடுங்கள். இரண்டையும் பிடிக்க ஓடினால் கடற்கரையில் உட்காரவே நேரம் இருக்காது.

இரண்டாம் நாள் காலை ஸ்கூபா (காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்குவது). கடைசி நாளுக்குத் தள்ளிவைக்காதீர்கள். ஆழத்தில் சுவாசிக்கும்போது உடம்பில் கரையும் நைட்ரஜன் மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் விமானத்தில் ஏறினால், உயரத்தில் காற்றழுத்தம் குறைந்து அது குமிழியாகி மூட்டு வலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டுபோய்விடும். 18 மணி நேர இடைவெளி விடுங்கள். சளி பிடித்திருந்தால் இறங்கவே வேண்டாம், காதுக்குள் அழுத்தம் சமமாகாது. ஆஸ்துமா இருந்தால் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

அன்று மாலை ராதாநகர் கடற்கரைக்கு மூன்றரைக்கே போய்விடுங்கள். அந்தமான் வெகு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் நம்முடையதுதான். அதனால் பிப்ரவரியில் ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். ஆறு மணிக்கு வந்து சேர்ந்து இருட்டைப் பார்ப்பவர்கள் ஏராளம். முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். அது சும்மா வைத்த பலகை அல்ல.

மூன்றாம் நாள் விடியலில் ஹேவ்லாக்கிலேயே உள்ள காலாபத்தர் கடற்கரை, பிறகு கப்பலில் நீல் தீவு. அங்குள்ள இயற்கைப் பாறைப் பாலத்தைக் கடல் வற்றும் நேரத்தில்தான் நடந்து போய்ப் பார்க்க முடியும். வற்றும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் நன்றாக வற்றும். பயணத் தேதிக்கான அலை நேர அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பாறையில் வழுக்காத, பின்வாருள்ள செருப்பு வேண்டும். நான்காம் நாள் போர்ட் பிளேருக்குத் திரும்பி, மாலையில் செல்லுலார் சிறையும் ஒலி-ஒளிக் காட்சியும்.

கேள்வி: எங்கள் திருமண நாள் ஜூலையில். அப்போது போகலாமா? எனக்குக் கப்பலில் வாந்தி வரும்.
– வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கப்பல்கள் ரத்தாகும், தண்ணீர் கலங்கியிருக்கும், உங்களுக்கு வாந்தியும் அதிகமாகும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். கொண்டாட்டத்தை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாதமானாலும் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் இருக்கை கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. மருத்துவர் சொல்லும் மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் பயனில்லை. வெறும் வயிற்றில் ஏறாதீர்கள், வயிறு முட்டச் சாப்பிட்டும் ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும். செல்போன் பார்க்காமல் தொடுவானத்தையே பாருங்கள்.

கேள்வி: கரையில் கிடக்கும் சிப்பி, பவளத் துண்டுகளை நினைவாக எடுத்து வரலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கூடாது. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, விமான நிலையச் சோதனையில் சிக்கும். சிப்பி வேண்டுமென்றால் உரிமம் பெற்ற கடையில் ரசீதோடு வாங்கி, அந்த ரசீதைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.