பெங்களூரில் நோட்டரியிடம் கையெழுத்திடப் போகும் முன் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

உங்களுக்கு இரண்டு காரியங்கள் ஆக வேண்டியிருக்கிறது: அம்மாவின் பெயர் ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருப்பதற்கு ஒரு பிரமாணப் பத்திரம், வேலூர் நிலத்தை அண்ணன் விற்பதற்கு அப்பா தரும் பவர் பத்திரம். முதலாவதற்கு நோட்டரி போதும், இரண்டாவதற்குப் போதாது.

நோட்டரிகள் சட்டம், 1952-இன்படி மத்திய அரசோ மாநில அரசோ நியமிக்கும் நோட்டரிகள் பெரும்பாலும் பல்லாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர்கள். இன்னார் என் முன்னால் வந்து, உறுதிமொழி கூறிக் கையெழுத்திட்டார் என்பதற்கு மட்டுமே நோட்டரி சாட்சி. உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்பதற்குப் பொறுப்பு கையெழுத்திட்டவருடையது. ஆகவே வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துச் செல்லாதீர்கள்.

நான் இந்தத் தவற்றைச் செய்தேன். தமிழ்நாட்டுச் சான்றிதழ்களில் இனிஷியலோடும், ஆதாரில் தாத்தாவின் முழுப்பெயரோடும் இருந்த என் அம்மாவின் பெயருக்காக, அவரிடம் அல்சூர் வீட்டிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன். நோட்டரி தாளைத் திருப்பித் தந்து, அம்மாவை அழைத்து வரச் சொன்னார். மறுநாள் புதிய தாளோடு போனபோது, "இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமாம்மா?" என்று தமிழில் கேட்டு, ஆங்கிலத்தில் இருந்ததை வரி வரியாக விளக்கி, அம்மா தலையசைத்த பிறகே பேனாவைக் கொடுத்தார். தாளிலும் நோட்டரி வைத்திருக்கும் பதிவேட்டிலும் அம்மா தமிழிலேயே கையெழுத்திட்டார். ஆளைப் பார்க்காமல் முத்திரை குத்தித் தருபவர்களும் உண்டு, அவர்களிடம் போகாதீர்கள். நாளை யாரேனும் அந்தக் கையெழுத்தை மறுத்தால், உங்கள் தாளுக்குத் துணை நிற்கப்போவது அந்தப் பதிவேடுதான்.

அசல் அடையாள அட்டையும் நகலும் வேண்டும். அம்மாவின் பெயர் எந்தெந்த வடிவங்களில் இருக்கிறதோ அவை அனைத்தும், எந்த ஆவணத்தில் எப்படி உள்ளது என்பதோடு, ஓர் எழுத்தும் மாறாமல் பிரமாணப் பத்திரத்தில் வர வேண்டும். இ-ஸ்டாம்ப் தாள் வாங்கும்போது முதல் தரப்பினர் என்ற இடத்தில் உங்கள் பெயரல்ல, அம்மாவின் பெயர் இருக்க வேண்டும். வெற்றிடம் எதையும் விடாதீர்கள். அடித்துத் திருத்திய இடமிருந்தால் அதனருகிலும் கையெழுத்திடச் செய்யுங்கள். கிளம்பும் முன் வட்ட முத்திரையில் நோட்டரியின் பெயரும் பதிவு எண்ணும் தெளிவாக விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கட்டணத்துக்கு ரசீது தருவது அவர் கடமை, கேட்டு வாங்குங்கள்.

இனி பவர் பத்திரம். பதிவுச் சட்டம், 1908-இன் 33-ஆம் பிரிவின்படி, ஓர் ஆவணத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய இன்னொருவருக்கு உரிமை தரும் பவர், தருபவர் இந்தியாவில் வசிப்பவரானால், அவர் வசிக்கும் பகுதியின் பதிவாளர் அல்லது சார்பதிவாளர் முன்னிலையில் எழுதிக்கொடுக்கப்பட வேண்டும். நோட்டரி முன்னிலையிலோ இந்தியத் தூதரகத்திலோ எழுதினால் செல்லும் என்பது வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு உரியது. துபாயிலிருந்து உறவினர் அனுப்பிய பவர் செல்லுபடியானதைப் பார்த்துவிட்டு, இங்கேயும் அப்படித்தான் என்று நம்மில் பலர் நினைத்துவிடுகிறோம். நிலம் வேலூரில் இருந்தாலும், அப்பா பெங்களூரில் வசிப்பதால் இங்குள்ள சார்பதிவாளர் அலுவலகத்துக்கே அவர் போக வேண்டும். உடல்நலக் குறைவால் அப்பா நேரில் வருவது ஆபத்து அல்லது பெரும் சிரமம் என்றால், அவர் வரத் தேவையில்லை என்றும், அலுவலர் வீட்டுக்கே வந்து விசாரிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மருத்துவச் சான்றிதழோடு முன்கூட்டியே மனு கொடுத்துவிடுங்கள்.