பினாங்கில் எப்போது என்ன சாப்பிடலாம்: கேள்வி பதில்

மலேசியாவின் பினாங்கில் வேலை பார்த்த காலத்திலிருந்து அந்த ஊர்ச் சாப்பாட்டோடு எனக்குப் பழக்கம். இப்போதும் வாய்ப்புக் கிடைத்தால் கிளம்பிவிடுவேன். தலைநகர் ஜார்ஜ் டவுன், அந்தத் தீவு, அங்கே சாப்பிடுவது, இதுதான் என் எல்லை. விமான டிக்கெட், ஓட்டல் பேரம், லங்காவி படகு பற்றியெல்லாம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அண்ணா, முதல் முறையாகக் குடும்பத்தோடு போகிறோம். மூன்று நாள். கட்டாயம் போக வேண்டிய பத்துக் கடைகள் சொல்லுங்கள்.

கடைப் பட்டியல் தர மாட்டேன். பட்டியலோடு போகிறவர்கள்தான் அங்கே பசியோடு அலைகிறார்கள். பினாங்கில் பெரும்பாலான அங்காடிக் கடைக்காரர்கள் ஒரே ஒரு பண்டம்தான் செய்வார்கள். அதுவும் நாளில் சில மணி நேரம்தான். சரக்கு தீர்ந்தால் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விடுமுறை வேறு. அதனால் கடைப் பெயரை விடுங்கள், நேரத்தைப் பிடியுங்கள்.

காலையில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய், வாழையிலைப் பொட்டலத்தில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், சீனர் கடைகளில் சிறு சிறு பண்டங்களான திம்சம், தெளிந்த சாறில் அரிசி நூடுல்ஸ் போட்ட கொய்த்தியாவ் தெங். பிற்பகல், புளிப்பு மீன் சாற்றில் நூடுல்ஸ் போட்ட அசாம் லக்சாவுக்கும் செண்டோலுக்கும் உரியது. வெயிலில் நடந்து களைத்த பிறகு பனைவெல்லமும் தேங்காய்ப்பாலும் ஐஸும் கலந்த செண்டோல் தொண்டையில் இறங்கும்போது, அதை ஏன் அந்த நேரத்தில் விற்கிறார்கள் என்று புரியும். பொழுது சாய்ந்ததும் லோரோங் பாரு, கிம்பர்லி தெரு, சூலியா தெரு பக்கம் தள்ளுவண்டிகள் வரிசை கட்டும். கடலோரச் சாலையான கர்னி டிரைவும் அப்போதுதான் களைகட்டும். ஆனால் அங்கே சுற்றுலாக் கூட்டம் அதிகம்.

குடும்பத்தோடு போவதால் இன்னொன்று: ஆளுக்கொரு தட்டு சொல்லாதீர்கள். ஒரு தட்டு வாங்கி நான்கு பேர் பகிர்ந்துகொண்டு அடுத்த கடைக்கு நகருங்கள். தட்டுகள் சிறியவைதான், ஆனாலும் ஆளுக்கொன்று என்று ஆரம்பித்தால் மூன்றாவது கடையிலேயே வயிறு நிரம்பிவிடும்.

அப்பா அம்மா சுத்த சைவம். முட்டைகூடக் கிடையாது. என்ன செய்வது?

சைவர்களுக்குப் பினாங்கு நல்ல ஊர்தான். ஆனால் ஒரு எச்சரிக்கை, இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்: கண்ணுக்குத் தெரியாத இறாலைக் கவனியுங்கள். பெலாச்சான் என்ற இறால் விழுது பல சம்பல்களில் இருக்கும். காய்கறி வதக்கலிலும் போடுவார்கள். பழங்களை வெட்டிக் கலக்கும் ரோஜாக்கைப் பார்த்தால் வெறும் பழம் என்றுதான் தோன்றும். மேலே ஊற்றும் கறுப்புச் சாறு இறால் விழுதில் செய்தது. நாசி லெமாக் சம்பலில் நெத்திலி இருக்கும். 'சாயோர்' என்று கேட்டால் காய்கறி வரும், ஆனால் அது சைவம் என்பதற்கு அதில் எந்த உத்தரவாதமும் இல்லை. 'சாயா தா மாக்கான் டாகிங், ஆயாம், இக்கான், ஊடாங், பெலாச்சான், தெலோர்' என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். இறைச்சி, கோழி, மீன், இறால், இறால் விழுது, முட்டை எதுவும் சாப்பிட மாட்டேன் என்று அர்த்தம்.

லிட்டில் இந்தியாவில், பினாங்கு தெருவும் பசார் தெருவும் சந்திக்கும் பகுதியில், தமிழிலேயே பேசி இட்லி தோசை வாங்கலாம். ஆனால் மூன்று நாளும் அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள். சீன பௌத்த சைவ உணவகங்களுக்கு அப்பா அம்மாவைக் கூட்டிப்போங்கள். அங்கே பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள். சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்த பண்டங்கள் மீன் மாதிரியும் இறைச்சி மாதிரியும் இருக்கும். பெரியவர்கள் பயந்துவிடுவார்கள், முன்னாடியே சொல்லி வையுங்கள். முட்டை சேர்க்கும் கடைகளும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம் முதல் ஒன்பது நாள், ஒன்பது பேரரசர் தெய்வங்களின் திருவிழா. அந்த நாட்களில் ஊரெங்கும் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் முளைக்கும். வழக்கமாகப் பன்றிக் கொழுப்பில் வறுக்கும் பண்டங்களின் சைவ வடிவம் அப்போது தாராளமாகக் கிடைக்கும். தேதியை மாற்ற முடிந்தால் அதைப் பார்த்து மாற்றுங்கள்.

விசா வேண்டுமா சார்?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் போகும் சலுகை டிசம்பர் 2023இல் தொடங்கியது, பிறகு நீட்டித்தார்கள். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். இந்த விதிகள் மாறக்கூடியவை. கிளம்பும் முன் மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

லக்சா என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று போன வருஷம் சாப்பிட்டேன். மீன் வாடை, புளிப்பு, ஒத்துக்கொள்ளவில்லை. அதில் அப்படி என்ன இருக்கிறது?

தேங்காய்ப்பால் லக்சாவை மனதில் வைத்துக்கொண்டு போயிருப்பீர்கள். பினாங்கு அசாம் லக்சா வேறு வகை. நம் ஊர்க் கானாங்கெளுத்தியை வேகவைத்து, முள் எடுத்து, உதிர்த்துச் சாற்றில் கலந்திருப்பார்கள். புளியோடு அசாம் கெலுகோர் என்று ஒரு காய்ந்த துண்டும் போடுவார்கள், அது குடம்புளிக்கு நெருங்கிய சொந்தம். அடியில் தடித்த அரிசி நூடுல்ஸ். மேலே வெள்ளரி, வெங்காயம், அன்னாசி, புதினா, பிறகு பொடிப்பொடியாக நறுக்கிய இளஞ்சிவப்புப் பூ மொட்டு. அதற்குப் புங்கா கண்டான் என்று பெயர், இஞ்சிக் குடும்பம். மீன் வாடையை அடக்குவது அந்தப் பூதான்.

கரண்டியின் ஓரத்தில் கறுப்பாக, கெட்டியாக ஒரு விழுது வைத்துத் தருவார்கள். அதுவும் இறால் விழுதுதான், ஆனால் இனிப்பானது. கிண்ணம் வந்ததும் அதை அப்படியே கலக்கிவிட்டால் சாறு கனத்து, வாடை தூக்கலாகிவிடும். முதலில் சாற்றை மட்டும் இரண்டு வாய் குடியுங்கள். பிறகு விழுதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். பாதிக் கிண்ணம் வரும்போது புளிப்பும் இனிப்பும் காரமும் ஒரு இடத்தில் வந்து நிற்கும். இந்த முறை ஆயிர் ஈத்தாம் பக்கம், கெக் லோக் சி கோயிலுக்குப் போகும் நாளில், பிற்பகலில் சாப்பிட்டுப் பாருங்கள்.

'சார் கொய்த்தியாவ்' என்கிற வறுத்த அரிசி நூடுல்ஸ் எந்தக் கடையில் நம்பர் ஒன்?

நம்பர் ஒன் கடை என்று ஒன்று இல்லை. நல்ல கடையை அடையாளம் காண வழி உண்டு. ஒரு நேரத்தில் ஒரு தட்டு, மிஞ்சிப்போனால் இரண்டு தட்டுத்தான் வறுக்கிறாரா என்று பாருங்கள். சட்டியில் நிறையப் போட்டால் சூடு இறங்கி, நூடுல்ஸ் வறுபடுவதற்குப் பதில் வேகும். இறால், முட்டை, முளைப்பயறு, பூண்டுத்தாள், சீனத் தொத்திறைச்சி எல்லாம் கடும் சூட்டில் சில நிமிடத்தில் முடிய வேண்டும். கெராங் என்கிற சிப்பியை அரைவேக்காட்டில் போடுவார்கள். வயிறு இளகியவர்கள் 'கெராங் தா மாவு' என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில்தான் வறுப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாசி கண்டார் நம்ம ஊர்க் குழம்புச் சோறுதானே? அதைச் சாப்பிட எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்?

நம் ஊரிலிருந்து போனது என்பது சரி. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் கம்பு போட்டு, ஒரு முனையில் சோறும் மறு முனையில் குழம்பும் தொங்கவிட்டு, துறைமுகக் கூலியாட்களுக்கு விற்ற சாப்பாடு அது. காம்பெல் தெருவில் உள்ள ஹமீதியா உணவகம் 1907இல் தொடங்கியது, இன்னும் நடக்கிறது. ஆனால் அங்கே போன குழம்பு அப்படியே இருக்கவில்லை. சோயா சாஸ் சேர்த்த கறுப்புக் கோழி, கணவாய், பெரிய மீன் சினைக் குழம்பு, வெண்டைக்காயை முழுசாக வேகவைத்து வைப்பது, இதெல்லாம் அந்த மண்ணில் ஏறியவை. நம் ஆட்கள் கடல் கடந்து போய், மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் பக்கத்தில் நின்று சமைத்து, எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்க வைத்த சாப்பாடு இது. அதை 'நம்ம ஊர்க் குழம்புதானே' என்று தள்ளுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு எச்சரிக்கை: பல கடைகளில் விலைப் பலகை இருக்காது. பெரிய இறால், கணவாய், மீன் சினை இவற்றைக் கைகாட்டும் முன் 'பெராப்பா?' என்று விலை கேளுங்கள்.

அந்த நாசி கண்டாரில் ஐந்து குழம்பையும் சோற்றின் மேல் ஒன்றாகக் கொட்டுகிறார்களே, எது எதன் ருசி என்று எப்படித் தெரியும்? சமைத்தவருக்கே அவமரியாதை இல்லையா?

இல்லை. அந்தக் குழம்புகள் கலப்பதற்கென்றே சமைத்தவை. மீன் குழம்பில் புளிப்பு, கோழியில் மசாலா, கறுப்புக் கோழியில் இனிப்பு. தனித்தனியாக நக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஏதோ குறையும். பரிமாறுகிறவர் கையைப் பாருங்கள். கரண்டி ஒரு சட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எதிலிருந்து எவ்வளவு என்பது அவருக்குத் தெரியும். ஊற்றிவிட்டுக் கரண்டியின் பின்பக்கத்தால் சோற்றை ஒரு அமுக்கு அமுக்குவார், குழம்பு அடிவரை இறங்க. 'குவா சம்போர்' என்றால் கலந்தது, 'பஞ்சேர்' என்றால் சோறு மூழ்கும் அளவுக்கு.

நான் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் அப்பா எப்போதும் குழம்பைத் தனியாகத்தான் வாங்கி வருவார். கலப்பதுதான் சரி என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம்?

அம்மா, உங்கள் அப்பா வீட்டுக்கு வாங்கி வந்தார். கலந்த சோறு பொட்டலத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் ஊறிக் குழைந்துவிடும், தனியாக வாங்கியது சரியான முடிவு. கடையில் தட்டில் சுடச்சுடச் சாப்பிடும்போது கணக்கு வேறு. ஊர்க்காரர் சொல்வதை நான் மறுக்கவில்லை. முதல் முறை போகிறவர் தனித்தனியாக வாங்கினால் நாசி கண்டாரின் உயிரே அவருக்குக் கிடைக்காது என்பதுதான் என் வாதம்.

மேலே அந்த அக்கா சொன்னதுதான் சரி. கலந்தால் எல்லாக் கடையும் ஒரே ருசி. கோலாலம்பூரில் சாப்பிட்டாலும் பினாங்கில் சாப்பிட்டாலும் வித்தியாசம் இல்லை.

தம்பி, கலவைதான் ஒரு கடையை இன்னொன்றிலிருந்து பிரிப்பதே! ஒரு கடையில் மீன் குழம்பின் புளிப்பு முன்னால் நிற்கும், இன்னொன்றில் கறுப்புக் கோழிச் சாறின் இனிப்பு. ஒரே நாளில் இரண்டு கடையில் ஒரே கோழி, ஒரே வெண்டைக்காய், கலந்த குழம்பு என்று வாங்கிப் பாருங்கள். அப்புறமும் ஒரே ருசி என்றால் வந்து சொல்லுங்கள், பேசலாம்.

சைவத்துக்கு என்ன கிடைக்கும்?

இரண்டாவது கேள்வியின் பதிலைப் படியுங்கள். பெலாச்சான் பற்றிய வரியை இரண்டு முறை படியுங்கள்.

நாங்கள் முஸ்லிம்கள். சீனர் கோப்பிக்கடைகளில் சாப்பிடலாமா?

'பன்றி இல்லை' என்று எழுதியிருப்பதும் ஹலால் சான்றும் ஒன்றல்ல. ஜாக்கிம் என்ற அரசுத் துறையின் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முஸ்லிம்கள் நடத்தும் சிறு கடைகள் பலவற்றில் முத்திரை இருக்காது, அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நாசி கண்டார், பசெம்போர் என்கிற சாலட், முட்டையும் கறியும் அடைத்த மர்த்தபாக், வறுத்த நூடுல்ஸான மீ கோரெங் எல்லாம் முஸ்லிம் கடைகளில் தாராளம். முஸ்லிம்கள் நடத்தும் லக்சா, கொய்த்தியாவ் கடைகளும் உண்டு. 1801இல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைச் சுற்றியே உங்களுக்கு இரண்டு நாள் சாப்பாடு இருக்கிறது.

கோப்பிக்கடையில் காபி கேட்டால் கெட்டிப்பால் இனிப்பாக வருகிறதே. சர்க்கரை இல்லாமல் எப்படிக் கேட்பது?

'கோப்பி' என்றால் இனிப்புக் கெட்டிப்பால். 'கோப்பி ஓ' பால் இல்லாதது, சர்க்கரை உண்டு. 'கோப்பி சி' இனிப்பில்லாத கெட்டிப்பால், சர்க்கரை உண்டு. எதனோடும் 'கோசோங்' சேர்த்தால் சர்க்கரை போட மாட்டார்கள். உங்களுக்குக் 'கோப்பி சி கோசோங்'. பல கடைகளில் இடம் பானக்காரருடையது, சாப்பாட்டுக் கடைகள் அவரிடம் வாடகைக்கு இருப்பவை. உட்கார்ந்தால் ஒரு பானமாவது சொல்லுங்கள், அதுதான் மரியாதை.

சார், கொய்த்தியாவுக்கு பெஸ்ட் கடை?

மேலே சொல்லியாயிற்று.

டுரியான் சாப்பிட்டே ஆக வேண்டுமா? எப்போது கிடைக்கும்?

கட்டாயம் இல்லை. ஆனால் தீவின் மேற்கே பாலிக் புலாவ் தோட்டங்களில் மரத்திலிருந்து தானாக விழுந்த பழத்தை அன்றைக்கே சாப்பிடும் வாய்ப்பு எளிதில் கிடைக்காது. முக்கியமான பருவம் மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை, மழையைப் பொறுத்து முன்பின் ஆகும். சந்தையில் முசாங் கிங் என்ற ரகத்தின் பெயர்தான் பெரிது. தோட்டக்காரரிடம் 'கசப்பு வேண்டும்', 'இனிப்பு வேண்டும்' என்று சொன்னால் அவரே அன்று விழுந்ததில் நல்லதைப் பிளந்து தருவார், அதுதான் மேல். எடை போடும் முன் கிலோ விலை கேளுங்கள். ஓட்டல் அறைக்குக் கொண்டுபோகாதீர்கள், அபராதம் போடுவார்கள்.

ஓட்டலில் தனியாக ஒரு வரி கேட்கிறார்கள், சரிதானா?

சரிதான். வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி.

தைப்பூசத்துக்குப் போனால் சாப்பாடு கிடைக்குமா, கடைகள் மூடியிருக்குமா?

இதைக் கேட்டதற்கு நன்றி. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழி முழுக்கத் தண்ணீர்ப் பந்தல்கள் இருக்கும். எல்லாம் சைவம், எல்லாம் இலவசம். சோறு, சாம்பார், மோர், பானகம் என்று கையில் திணிப்பார்கள். தைப்பூசத்துக்கு முந்தைய நாள் நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பும். வழியில் தேங்காய் உடைப்பதில் சீனர்களும் சேர்ந்துகொள்வார்கள். ரப்பர் செருப்பு வேண்டாம், ஓடு குத்தும். அன்று நகரில் வண்டி ஓட்டுவது சிரமம், நடக்கத் தயாராகப் போங்கள்.

மறுபடியும் நான்தான், பட்டர்வொர்த். அப்பாவிடம் கேட்டேன். கடையில் சாப்பிடும்போது அவரும் கலந்துதான் சாப்பிடுவாராம். ஆனால் பருப்பு மட்டும் சேர்க்கக் கூடாது என்கிறார்.

பருப்பு விஷயத்தில் அப்பாவோடு முழுக்க ஒத்துப்போகிறேன். பருப்பு ஊற்றினால் மற்றக் குழம்புகளின் கூர்மை மழுங்கிவிடும். அப்பா எந்தக் கடைக்குப் போவார் என்று முடிந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.