வால்வு எத்தனை பார் தாங்கும்? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் இருபது வருடத்துக்கு மேலாக வால்வு பூட்டுவதும் சோதிப்பதும்தான் என் வேலை. கேளுங்கள் என்று நேற்றுச் சொன்னேன், இரவுக்குள் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றாக வருகிறேன். பார், பிஎஸ்ஐ இரண்டும் பிரஷரை அளக்கும் அலகுகள்.

வத்தளை: வால்வு உடம்பில் 150 என்று வார்த்திருக்கிறது. 150 பிஎஸ்ஐ தானே?

இல்லை தம்பி. அது கிளாஸ் (தாங்குதிறன் வகுப்பு), பிரஷர் அல்ல. சாதாரண கார்பன் ஸ்டீல் வார்ப்பில் (டபிள்யூசிபி என்ற ரகம்) கிளாஸ் 150 என்றால் 38 பாகை செல்சியஸ் வரை 19.6 பார், அதாவது 285 பிஎஸ்ஐ. 100 பாகையில் 17.7. 200இல் 13.8. 300இல் 10.2 தான். உலோகம் சூடேறச் சூடேறப் பலம் இறங்கும். அதனால் ‘எத்தனை பார் தாங்கும்’ என்று யார் கேட்டாலும், ‘எத்தனை பாகையில்’ என்று திருப்பிக் கேளுங்கள். கிளாஸ் 300க்கு 38 பாகையில் 51.1 பார்.

கொட்டாஞ்சேனை: பழைய சோனகத் தெருவில் வாங்கிய பித்தளை போல் வால்வு (உள்ளே பந்து திரும்பி மூடும் வகை), 1000 டபிள்யூஓஜி. அயன் பண்ணும் 7 பார் நீராவி லைனுக்குப் போடலாமா?

போட வேண்டாம். அந்த மூன்று எழுத்தும் தண்ணீர், எண்ணெய், காஸ். 1000 பிஎஸ்ஐ, சுமார் 69 பார், சாதாரண வெப்பநிலையில் மட்டும். 7 பார் நீராவி 170 பாகையில் இருக்கும். உள்ளே இருக்கும் டெஃப்லான் சீட் (வால்வு மூடும்போது கசியாமல் அடைக்கும் வளையம்) அந்தச் சூட்டில் இளகிவிடும், 69 பாரை அங்கே எதிர்பார்க்க முடியாது. நீராவிக்கான பிரஷர் தனியாகப் பொறித்த வால்வு வாங்குங்கள்.

தெஹிவளை: 30 மாடிக் குடியிருப்பு. கீழே பம்ப் அறையில் பிஎன்16 போதுமா?

பிஎன்16 என்றால் சாதாரண வெப்பநிலையில் 16 பார், பிஎன்25 என்றால் 25. 100 மீட்டர் உயரம் என்றால் தண்ணீரின் எடையே சுமார் 10 பார். அதற்கு மேல் பம்ப் தரும் உபரி. பிறகு வாட்டர் ஹேமர்: இரும்புக் குழாயில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் இன்னொரு 10 பாருக்கு மேல் எகிறும். நானாக இருந்தால் கீழே பிஎன்25 தான் போடுவேன்.

ரத்மலானை: பிஎன்16 வால்வைக் கிளாஸ் 150 பிளேஞ்சில் (போல்ட் போட்டு இணைக்கும் குழாய் விளிம்பு) பூட்டலாமா?

80 மி.மீ. அளவில் பிஎன்16க்கு 8 ஓட்டை, கிளாஸ் 150க்கு 4. 100 மி.மீ.யில் இரண்டுக்கும் 8தான், ஆனால் போல்ட் வட்டம் (ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) பிஎன்16இல் 180, கிளாஸ் 150இல் 190.5 மி.மீ. ஓட்டையைக் குடைந்து பெரிதாக்கிப் பூட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள்.

வெள்ளவத்தை, மாணவி: ஷெல் டெஸ்ட், சீட் டெஸ்ட் என்ன வித்தியாசம்?

நல்ல கேள்வி தங்கச்சி. ஷெல் டெஸ்டில் வால்வைப் பாதி திறந்து, இரண்டு பக்கமும் அடைத்து, 38 பாகை மதிப்பைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றுவார்கள். கிளாஸ் 150க்கு 30 பார். உடம்பில் ஒரு துளி கசியக் கூடாது. சீட் டெஸ்டில் வால்வை மூடி, ஒரு பக்கம் 1.1 மடங்கு மட்டும். ஏபிஐ 598 (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனத்தின் வால்வுச் சோதனை நியமம்) படி 2 அங்குலம் வரை ஷெல்லுக்கு 15 விநாடி. ஊருக்கு ஊர் எண்ணெய் கொண்டுபோகும் பைப்லைன் வால்வுக்கு ஏபிஐ 6டி, அதில் 20 அங்குலமும் மேலும் என்றால் 30 நிமிடம். லைன் முழுவதையும் சோதிக்கும்போதும் இது நினைவிருக்கட்டும்: மூடிய வால்வில் ஒன்றரை மடங்கு ஏற்றாதீர்கள், சீட் அதற்குச் சோதிக்கப்பட்டதல்ல.

பேலியகொடை: டபிள்யூஓஜி வால்வு நீராவிக்கு…

மேலே பாருங்கள். கூடாது.

மட்டக்குளி: நாங்கள் ஷெல் டெஸ்டைக் கொம்பிரசர் காற்றிலேயே செய்கிறோம். தண்ணீர் என்றால் துரு.

உடனே நிறுத்துங்கள். 30 பாரில் தண்ணீர் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூடச் சுருங்காது. வால்வு வெடித்தால் கொஞ்சம் பீச்சும், அவ்வளவுதான். அதே 30 பார் காற்று முப்பது மடங்கு விரியும், இரும்புத் துண்டு ஆளைத் தேடி வரும்.

வத்தளை மறுபடி: ஏபிஐ 598இலேயே காற்று டெஸ்ட் இருக்கிறதே அண்ணா?

கிராண்ட்பாஸ்: அதுதானே! நாங்களும் வருடக்கணக்காகச் செய்கிறோம், ஒன்றும் ஆகவில்லை.

இருக்கிறது. சீட்டுக்கு, 4 முதல் 7 பார் வரை. அதைக் காட்டி ஷெல்லை 30 பார் காற்றில் சோதிக்காதீர்கள். ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பது அந்த வார்ப்புகளில் இதுவரை ஓட்டை இல்லை என்பதற்கு மட்டும்தான் சாட்சி. சோதிப்பதே ஓட்டை இருக்கிறதா என்று தெரியாததால்தானே? ஒருமுறை என் கண் முன்னால் 6 பாரில் ஒரு பிளக் கழன்று தகரக் கூரையைத் துளைத்தது. அதற்குக் கீழே நின்றவன் ஒரு நிமிடம் முன்புதான் தேநீர் குடிக்கப் போனான்.

துரு பயம் என்றால் துருத்தடுப்பு மருந்து கலந்த தண்ணீர் பாவியுங்கள், முடிந்ததும் வடித்து உலர்த்துங்கள். போல் வால்வைப் பாதி திறந்து வைத்து வடித்தால்தான் உள்ளறைத் தண்ணீர் போகும்.

கொலன்னாவை: பொயிலர் சேஃப்டி வால்வை எத்தனை பாருக்கு வைக்க வேண்டும்?

இது என் துறை அல்ல. உங்கள் பொயிலரைப் பரிசோதிப்பவரிடம் கேளுங்கள், நீங்களாக ஸ்பிரிங்கைத் திருகாதீர்கள்.

களனி: டபிள்யூஓஜி, ஆனால் வெந்நீர்…

60 பாகை வெந்நீர் பரவாயில்லை. நீராவிதான் கூடாது. மூன்றாம் தடவை சொல்கிறேன்.

மட்டக்குளி: சரி அண்ணா, கைப்பம்ப் வாங்குகிறோம். பிரஷர் கேஜ் எந்த அளவு?

மிகவும் சந்தோஷம் தம்பி. 30 பார் சோதனைக்கு 60 பார் கேஜ், முள் நடுவில் நிற்கும். முதலில் மேல்பக்க பிளக்கைத் தளர்த்தித் தண்ணீர் விடுங்கள். குமிழி வருவது முழுக்க நின்ற பிறகு பிளக்கை இறுக்கி, அப்புறம் பம்ப் அடியுங்கள்.