நரம்புக்குள் எத்தனை மதகு? அயனி சேனல்கள் பற்றிக் கேள்வி பதில்

நரம்பு செல்லின் சவ்வில் இருக்கும் அயனி சேனல்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். அயனி என்பது மின்சுமை ஏறிய அணு; அதைச் சவ்வின் வழியே விடும் புரதத் துளைதான் சேனல். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பாடப்புத்தகம் இவற்றை ‘அயனிக் கால்வாய்’ என்கிறது. எனக்கு அந்தப் பெயரில் திருப்தி இல்லை. கால்வாய் பாட்டுக்குத் திறந்தே கிடக்கும். இவை திறந்து மூடுகிற மதகுகள்.

பிளஸ் டூ மாணவி: மேடம், நரம்பில் ஓடுவதும் வீட்டு ஒயரில் ஓடுவதும் ஒரே கரண்ட்தானா?

இல்லைம்மா. ஒயரில் எலக்ட்ரான்கள் ஒயரின் நீளத்துக்கு நகரும். நரம்பில் அயனிகள் சவ்வின் குறுக்கே போகும்: சோடியம் உள்ளே, பொட்டாசியம் வெளியே. ஓரிடத்தில் மதகு திறந்தால் அங்கே மின்னழுத்தம் மாறும். பக்கத்து மதகு அதை உணர்ந்து தானும் திறக்கும். சேதி இப்படித்தான் கடைசிவரை போகிறது.

சும்மா இருக்கும் நரம்பு செல்லின் உட்புறம் வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு. இது என்ன பிரமாதம் என்று தோன்றும். ஆனால் சவ்வின் தடிமன் ஏறக்குறைய 5 நானோமீட்டர்தான். வகுத்துப் பார், ஒரு சென்டிமீட்டருக்கு 1,40,000 வோல்ட்! காற்றில் தீப்பொறி பறக்க 30,000 போதும். மதகை அசைப்பது இந்த விசைதான்.

பொறியாளர் ஒருவர்: சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சின்னது. பிறகு ஏன் பொட்டாசியம் சேனல் வழியே அது போவதில்லை? சல்லடையில் சின்னதுதானே முதலில் விழும்?

சல்லடை என்று நினைப்பதில்தான் சிக்கல், சார். கரைசலில் எந்த அயனியும் தனியாக இருப்பதில்லை, சுற்றிலும் தண்ணீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும். சேனலின் குறுகிய பகுதிக்குள் நுழைய அவற்றை உதறியாக வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். அங்கே வரிசையாக நிற்கும் ஆக்சிஜன் அணுக்கள், தண்ணீர் பிடித்திருந்த அதே தூரத்தில் பொட்டாசியத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கணக்கு நேராகிவிடுகிறது. சோடியம் சின்னது என்பதால் அந்த ஆக்சிஜன்களுக்கு அது எட்டுவதில்லை. தண்ணீரை விட்டுவிட்டு உள்ளே வருவது அதற்கு நஷ்டம், வராது. ஆயிரம் பொட்டாசியம் போகும் இடத்தில் ஒரு சோடியம் நுழைவதே அபூர்வம். இத்தனை கறாராக இருந்தும் வினாடிக்குக் கோடிக்கணக்கில் அயனிகள் கடக்கின்றன. ரோடரிக் மெக்கினன் 1998இல் ஒரு பாக்டீரியாவின் சேனலைப் படிகமாக்கி எக்ஸ்ரேயில் இதைக் காட்டினார். 2003இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

உயிர்த்தொழில்நுட்ப மாணவர்: பொட்டாசியம் சேனலுக்கு மட்டும் மனிதரிடம் எண்பதுக்குப் பக்கத்தில் ஜீன்கள் இருக்கின்றனவாமே. ஒன்று போதாதா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஈதர் மயக்கத்தில் கால் உதறும் ஒரு பழ ஈ வகை உண்டு, அதற்கு ‘ஷேக்கர்’ என்று பெயர். 1987இல் அதன் ஜீனைப் பிரித்தெடுத்தபோது, கெட்டுப்போயிருந்தது ஒரு பொட்டாசியம் சேனல் என்று தெரிந்தது. சோடியம் உள்ளே வந்த பிறகு பொட்டாசியத்தை வெளியே விட்டுத் துடிப்பை அடக்க ஆளில்லாமல் நரம்பு திரும்பத் திரும்பத் துடித்திருக்கிறது.

இந்தக் குடும்பத்துச் சேனல் ஒவ்வொன்றும் நான்கு துண்டுகள் சேர்ந்தது. நான்கும் ஒரே ஜீனிலிருந்து வர வேண்டியதில்லை, உறவுக்கார ஜீன்களின் துண்டுகளும் கலக்கலாம். ஒரே ஜீனின் நகலான ஆர்என்ஏவை வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டலாம். சில இடங்களில் ஆர்என்ஏவில் ஒரே ஓர் எழுத்தைச் செல் திருத்துகிறது. குளுட்டமேட் ஏற்பி (குளுட்டமேட் என்ற சேதி வேதிப்பொருள் ஒட்டினால் திறக்கும் இன்னொரு சேனல்) ஒன்றின் ஒரு துண்டில் அப்படித் திருத்துவதால்தான் கால்சியம் உள்ளே புகாமல் இருக்கிறது. அந்தத் திருத்தம் குறைந்த எலிகள் வலிப்பு வந்து குட்டியிலேயே செத்துவிடும்.

எதற்கு இவ்வளவு? செவி நரம்புப் பாதையில் சில செல்கள் வினாடிக்குப் பல நூறு முறை துடிக்க வேண்டும், அங்கே சட்டென்று திறந்து சட்டென்று மூடும் பொட்டாசியம் சேனல் வேண்டும். தாளம் போடும் செல்லுக்கு வேறு வகை. எந்த மதகு, எத்தனை, செல்லின் எந்த இடத்தில் என்பதுதான் அந்த செல்லின் குணம் என்பேன்.

ஒற்றைச் சேனலை நேரில் பார்த்தால் இது மனதில் படியும். நுனி ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள கண்ணாடிக் குழாயைச் செல்லில் வைத்து, வாயால் மெல்ல உறிஞ்சுவோம். பக்கத்து அறையில் கதவைச் சாத்தினால்கூட காரியம் கெட்டுவிடும். ஒட்டிக்கொண்டால் திரையில் மின்னோட்டக் கோடு படிபோல் சட்டென்று இறங்கும், ஏறும். சில பிக்கோஆம்பியர்தான். ஒரே ஒரு புரத மூலக்கூறு திறந்து மூடுவது அது! 1976இல் விஞ்ஞானிகள் நேயரும் சக்மனும் தவளைத் தசையில் இதை முதலில் பதிவு செய்தார்கள்.

இல்லத்தரசி: பல்லில் சீழ் வைத்திருந்தது. மரத்துப்போக ஊசி போட்டும் உயிர் போகிற வலி. டாக்டர் சரியாகப் போடவில்லையா?

அவரைத் திட்டாதீர்கள்மா. மரத்துப்போக வைக்கும் லிடோகெய்ன் சோடியம் சேனலை அடைப்பது உள்பக்கத்திலிருந்து. அதற்கு முதலில் சவ்வைக் கடக்க வேண்டும், மின்சுமை இல்லாத வடிவில்தான் சுலபமாகக் கடக்கும். சீழ் பிடித்த இடம் அமிலமாக இருப்பதால் மருந்தின் பெரும்பகுதி மின்சுமை ஏறி வெளியிலேயே நின்றுவிடும்.

அதே கேள்வியைத் தொடர்ந்து ஒரு மருந்தாளுநர்: வலிக்கு மட்டுமான சேனலை அடைக்க முடியாதா?

மனிதரிடம் சோடியம் சேனல் ஜீன்கள் ஒன்பது. லிடோகெய்ன் ஆள் பார்ப்பதில்லை, இதயத்தில் இருப்பதையும் அடைக்கும். அதனால்தான் இதயத் துடிப்புக் கோளாறுக்கும் அதைக் கொடுக்கிறார்கள். பாகிஸ்தானில் சில குடும்பங்களில் பிறவியிலேயே வலி தெரியாதவர்கள் இருந்தார்கள். தெருவில் கையில் கத்தி குத்தி வித்தை காட்டிய சிறுவன் ஒருவன், கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். நேவ் 1.7 என்ற சோடியம் சேனல் இவர்களிடம் வேலை செய்யவில்லை என்று 2006இல் கண்டார்கள். அதைக் குறிவைத்த மருந்துகள் பெரிதாகச் சோபிக்கவில்லை. ஆனால் அதன் உறவான நேவ் 1.8ஐ அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற வலி மருந்துக்கு 2025 ஜனவரியில் அமெரிக்கா அனுமதி தந்தது.

தோட்டம் வைத்திருப்பவர்: செந்தேள் கொட்டினால் ஏன் உடம்பெல்லாம் வேர்த்து நெஞ்சு படபடக்கிறது?

அதன் விஷம் சோடியம் மதகை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது, அண்ணா. வேர்வையையும் இதயத் துடிப்பையும் இயக்கும் தானியங்கி நரம்புகள் ஓயாமல் துடித்து அட்ரினலினைக் கொட்டும். இதயம் தாங்காது. மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் டாக்டர் பவாஸ்கர் இதற்குப் பிரசோசின் என்ற ரத்த அழுத்த மருந்தைக் கொடுத்துப் பல உயிர்களைக் காப்பாற்றினார். கைவைத்தியம் பார்த்து நேரத்தை விடாதீர்கள். அதே விஷத்தில் கிடைக்கும் ஐபீரியோடாக்சின், ஒரு வகைப் பொட்டாசியம் சேனலை மட்டும் குறிபார்த்து அடைப்பதால் ஆய்வகங்களில் தினசரிப் பொருள்.

பெயர் போடாதவர்: மிளகாய்க் காரமும் சேனல்தானா?

ஆமாம். சுமார் 43 டிகிரிக்கு மேல் சூட்டில் திறக்கும் சேனலை மிளகாய் ஏமாற்றித் திறக்கிறது. கிளிக்கு அந்த ஏமாற்று பலிக்காது.

ஒரு தாய்: என் பிள்ளைக்கு டிராவெட் நோய்க்குறி என்கிறார்கள். முன்பு கொடுத்த வலிப்பு மாத்திரையில் ஃபிட்ஸ் கூடியது. வலிப்பு மருந்தே எப்படி வலிப்பைக் கூட்டும்?

டிராவெட் என்பது சிசுப் பருவத்தில் தொடங்கும் கடும் வலிப்பு நோய். கார்பமாசெபின், ஃபெனிடாயின் போன்ற வலிப்பு மருந்துகள் சோடியம் சேனலை அடைப்பவை. துடிப்பை அடக்கத்தானே அடைக்கிறோம் என்று தோன்றும். ஆனால் டிராவெட் குழந்தைகள் பெரும்பாலோரிடம் குறைந்திருப்பது நேவ் 1.1 என்ற சோடியம் சேனல். மூளையில் மற்ற செல்களை ‘அடங்கு’ என்று சொல்லும் செல்கள் அதைத்தான் அதிகம் நம்பியிருக்கின்றன. ஏற்கெனவே தளர்ந்த கடிவாளத்தை மருந்து இன்னும் தளர்த்திவிடுகிறது. எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட்டை எப்போதும் கையில் வைத்திருங்கள், இரவில் புது ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால் ஊசி போடும் முன் அதை எடுத்துக் காட்டுங்கள்.