மூளிக்காதுப் பூனை: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: எங்கள் தெருவில் திரியும் பூனையைப் பிடித்துப்போய்க் கருத்தடை செய்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். இடது காதின் நுனியைக் காணோம். நல்ல பூனையை இப்படி மூளியாக்க வேண்டுமா? கழுத்தில் ஒரு பட்டை கட்டியிருக்கலாமே?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: கட்டலாம். சில நாளில் கழன்று தொலைந்துபோகும். இல்லையென்றால் வேலிக் கம்பியிலோ மரக்கிளையிலோ மாட்டிக் கழுத்தை இறுக்கும். ஆள் தொடவே விடாத பூனைக்கு, வளர வளரப் பட்டையைத் தளர்த்திவிடுவது யார்? காதில் தகடு மாட்டினால் சண்டையில் பிய்ந்து வரும், புண்ணாகும். தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் நல்லதுதான், ஆனால் அதைப் படிக்கும் கருவியைத் தோள்பட்டை வரை கொண்டுபோக வேண்டும். மதில் மேல் உட்கார்ந்திருக்கும் பூனையைக் கீழே நின்று பார்த்தே தெரிந்துகொள்ள உதவுவது காது ஒன்றுதான்.

இந்த அடையாளம் கூண்டு வைப்பவருக்காக. குறி இல்லாத பெட்டைப் பூனை அடுத்த வருடம் வேறொருவர் கூண்டில் விழும். மறுபடி பட்டினி, மயக்க மருந்து. வயிற்றைத் திறந்து தேடிப் பார்த்தால் கருப்பை ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். வீணாக ஒரு வயிற்றுக் கீறல். அதைத் தவிர்க்கத்தான் இந்த ஒரு சென்டிமீட்டர். அறுவை நடக்கும் அதே மயக்கத்திலேயே வெட்டிவிடுவதால் வெட்டும்போது வலி தெரியாது. போவது கொஞ்சம் தோலும் குருத்தெலும்பும் மட்டுமே. கேட்கும் திறன் குறையாது.

கேள்வி: புதிதாகத் தொழிலுக்கு வந்த கால்நடை மருத்துவன் நான். நான் வெட்டும் காதுகள் ஆறியபின் வட்டமாகவோ சாய்வாகவோ இருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் முழுக்காது போலவே தெரிகிறது. எங்கே தவறு?
– வாசகர், நாமக்கல்

பதில்: ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கியான ஆர்ட்டரி ஃபோர்செப்ஸில், அநேகமாக வளைந்ததைப் பயன்படுத்துகிறீர்கள். அதன் வளைவை ஒட்டி வெட்டினால் காதும் வளைவாகத்தான் ஆறும். நேரான ஃபோர்செப்ஸை எடுங்கள்.

காது நுனியைக் கிருமிநாசினியால் துடைத்து, நீளவாக்குக்குச் செங்குத்தாக, குறுக்கே ஒரே கோடாகப் பிடித்து இறுக்குங்கள். வளர்ந்த பூனைக்குப் பிடிக்கு மேலே ஒரு செ.மீ. நிற்க வேண்டும், குட்டிக்கு ஆறு மி.மீ. போதும், காது வளரும்போது விகிதம் சரியாகிவிடும். அளவை முடியின் நுனியிலிருந்து எடுக்காதீர்கள். குருத்தெலும்பின் விளிம்பிலிருந்து எடுங்கள். காது நுனியில் முடிக்கற்றை உள்ள பூனைகளில் பலர் ஏமாறுவது இங்கேதான்: முடியோடு சேர்த்து ஒரு செ.மீ. என்று வெட்டுவார்கள், உண்மையில் போனது மூன்று நான்கு மி.மீ. இருக்கும். முடி வளர்ந்ததும் குறி மறைந்துவிடும்.

பிடியின் மேல்விளிம்பை ஒட்டி, கூரான நேர்க் கத்தரியாலோ கத்தியாலோ ஒரே வெட்டு. இரண்டு மூன்று தடவை கொத்தினால் விளிம்பு பிசிறாகி, சண்டையில் கிழிந்த காதுபோல் இருக்கும். வெட்டியதும் பிடியைக் கழற்ற அவசரப்படாதீர்கள். ரத்தக்கசிவுக்குப் பெரும்பாலும் இந்த அவசரமே காரணம். அறுவையைத் தொடங்கும்போதே காதை முடித்துவிட்டு, பூனையை மேசையிலிருந்து இறக்கும்வரை பிடியை அப்படியே விடுவது என் வழக்கம். கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காமல் மெல்லத் திறந்து, விளிம்பில் ரத்தத்தை நிறுத்தும் ஸ்டிப்டிக் பவுடரையோ சில்வர் நைட்ரேட்டையோ ஒற்றுங்கள். தையலும் வேண்டாம், கட்டும் வேண்டாம். அடுத்த பூனைக்கு வேறு சுத்தமான கருவி. ரத்தத்தில் பரவும் வைரஸ் பூனைகளுக்கும் உண்டு.

கேள்வி: வீட்டுக்கு வந்தபின் தலையை உதறியது, காதில் ரத்தம் வந்தது. மஞ்சள் வைக்கலாமா?
– வாசகி, திருநகர், மதுரை

பதில்: எதையும் வைக்காதீர்கள். தொட விடும் பூனையென்றால் சுத்தமான துணியை விளிம்பில் வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்தது பெயர்ந்து மறுபடி கசியும். தொட விடாததென்றால் கூண்டின் மேல் துணியைப் போர்த்தி, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். பயம் அடங்கினால் உதறுவதும் அடங்கும். அப்படியும் சொட்டிக்கொண்டே இருந்தால் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியதுதான்.

மஞ்சளைவிட எனக்குப் பயம் டெட்டால். அது பீனால் வகை. பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக முறிக்க முடியாது, நக்கினால் விஷம். வலிக்குமே என்று பாராசிட்டமால் கொடுத்தீர்களானால் அரை மாத்திரையே உயிரை எடுக்கும். வலிக்கு மருத்துவமனையில் ஊசி போட்டுத்தான் அனுப்புவார்கள். பக்கு தானாக விழட்டும். ஈ மொய்த்தாலோ நாற்றம் வந்தாலோ புழு வைத்திருக்கலாம், உடனே காட்டுங்கள்.

கேள்வி: காது கிழிந்த பூனை ஒன்று கூண்டில் விழுந்துவிட்டது. கருத்தடை ஆனதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், காரைக்கால்

பதில்: விளிம்பு நேர்க்கோடாக இருந்தால் ஆனது என்று கொள்ளலாம். பிசிறாகவோ பக்கவாட்டில் பிளந்தோ இருந்தால் அது சண்டை.

கடுவன் என்றால் எளிது. விதை இல்லை என்பதோடு நிறுத்தாமல், மருத்துவர் ஆண்குறியின் மேல் உள்ள சிறு முட்களையும் பார்ப்பார். விதை எடுத்து ஒன்றரை மாதத்துக்குள் அவை மறைந்துவிடும். முள் இருந்தும் விதைப்பை காலியாக இருந்தால், விதை வயிற்றுக்குள் ஒளிந்திருக்கலாம். பெட்டைக்குத்தான் பாடு. மயக்கத்தில் முடியைச் சிரைத்துத் தழும்பைத் தேட வேண்டும், அடிவயிற்றின் நடுக்கோட்டில் மட்டுமல்ல, விலாவுக்குக் கீழே பக்கவாட்டிலும். நன்றாக ஆறிய தழும்பு கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் சில மருத்துவர்கள் தழும்பை ஒட்டிப் பச்சைக் கோடு ஒன்று குத்திவிடுகிறார்கள். நல்ல பழக்கம்.

கேள்வி: காது வெட்டிய கடுவன் ஒன்று, வந்த மறுவாரமே பெட்டையோடு சேர்ந்தது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: இல்லை. நாளத்தில் மிச்சமிருக்கும் விந்து சில வாரம் உயிரோடு இருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் பொறுங்கள். அதற்குள் அந்தப் பெட்டையையும் பிடித்துவிடுங்கள். பூனைக்குச் சினைக்காலம் ஒன்பது வாரம்தான்.

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழே காது நுனி இல்லாத பூனை இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? ஜப்பானில் இருக்கும் என் மகன், அங்கே காதில் வி வடிவத்தில் வெட்டு இருக்கும் என்கிறான்.
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: மகன் சொல்வது சரி. அங்கே செர்ரி மலரின் இதழ்போல் இருப்பதால் ‘சகுரா பூனை’ என்பார்கள். ஆணுக்கு வலது காது, பெண்ணுக்கு இடது. தூரத்திலிருந்தே ஆணா பெண்ணா என்பதும் தெரிகிறது, ஆனால் சண்டைக் கிழிசலோடு குழம்ப இடமுண்டு. நம் ஊர்த் தெருநாய்களின் காதில் இருக்கும் வெட்டும் இதே வகைதான்.

உங்கள் ஊரில் இருபாலுக்கும் இடது காது நுனி. 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீட்டில் இரண்டு பூனை வரை வளர்க்கலாம். உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், காது வெட்டு அவற்றுக்கு ஈடாகாது. வெட்டு இருக்கிறதென்றால் யாரோ பிடித்து, செலவு செய்து, திரும்ப விட்டிருக்கிறார்கள் என்று பொருள். அவர் தினமும் சோறு வைக்கிறவராகவும் இருக்கலாம். முதலில் அவரைத் தேடிக் கேளுங்கள்.